கன்னியாகுமரிக்கு வந்து சேராத வள்ளம்

சனிக்கிழமை விடியற்காலையில் ஒரு சிறு வள்ளத்தில் அரிசி, பருப்பு, போர்வை, கூடாரத் துணி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். ஆளரவமற்ற நீர்நிலைகளின் வழியே துடுப்புப் போட்டுச் சென்று, பொழுது சாயும்போது ஏதேனும் ஒரு கரையில் ஒதுங்கி, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டி, இரவைக் கழிக்க வேண்டும். ஞாயிறு மாலை வீடு திரும்ப வேண்டும். கனடாவிலும் பின்லாந்திலும் இது பலருக்குப் பழகிப்போன விடுமுறைப் பயணம். இதையே குமரி மாவட்டத்தில், கொட்டாரத்தில் இருக்கும் நீங்கள் திட்டமிடுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் நிலப்படத்தை விரிப்பீர்கள். நாஞ்சில் நாட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. தேரூர்க் குளம், சுசீந்திரம் குளம், வேம்பனூர்க் குளம் என்று படமெங்கும் நீலப் புள்ளிகள். வடக்கே மலையடிவாரத்தில் பேச்சிப்பாறை நீர்த்தேக்கம். தென்மேற்கே, பழையாறு கடலைத் தொடும் இடத்தில் மணக்குடிக் காயல். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போகிறது. கனடாவின் ஏரித் தொடர்களைப் போலவே இதுவும் ஒரு தொடர்தான். ஆனால் ஒரு நாள் முழுவதும் இறங்காமல் வள்ளம் விடக்கூடிய நீர்வழி ஒன்றையாவது படத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இந்தத் தொடர் வயலுக்காக அமைந்தது, வள்ளத்துக்காக அல்ல. மடையும் மறுகாலும் தண்ணீரை விடும், படகை விடா.

இக்குறையை ஒரு காலத்தில் ஓர் அரசே உணர்ந்திருந்தது. அதைப் போக்க 1860-ஆம் ஆண்டு மண்வெட்டியையும் எடுத்தது. அந்தக் கதையைச் சொல்லுமுன் வள்ளத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

ஒரே மரத்தில் குடைந்த படகு

மனிதன் செய்த வாகனங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று, ஒரே மரத்தைக் குடைந்து செய்த படகு. 1955-இல் நெதர்லாந்து நாட்டில் பெஸ்ஸே என்னும் ஊரருகே நெடுஞ்சாலை அமைக்கத் தோண்டியபோது, ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள பைன் மரப் படகு ஒன்று கிடைத்தது. அதன் வயது சுமார் 10,000 ஆண்டுகள். 1987-இல் நைஜீரியாவில் டுஃபுனா என்ற ஊரில் கிணறு தோண்டும்போது கிடைத்த இன்னொரு படகுக்கு வயது ஏறத்தாழ 8,000. சக்கரம் தோன்றுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்னரே மனிதன் மிதக்கக் கற்றுக்கொண்டான் என்பது இதிலிருந்து விளங்கும்.

நம் கடற்கரையைப் பற்றியும் பழைய சான்றுகள் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, மிளகு விளையும் கொட்டனாரா என்ற பகுதியிலிருந்து ஒற்றை மரப் படகுகளில் மிளகைத் துறைமுகத்துக்குக் கொண்டு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். (பெயர் ஒலிப்பைக் கண்டு, இது நம் கொட்டாரம்தான் என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது கேரளத்துக் குட்டநாட்டுப் பக்கம் என்பதே அறிஞர்களின் பொதுவான கருத்து.) ஏறக்குறைய அதே காலத்தில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கிரேக்க வழிநூல் குமரித்துறையைக் குறிப்பிடுகிறது, தமிழகக் கடலில் பெரிய மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா' என்னும் கலங்களையும் குறிப்பிடுகிறது. மலையாளத்திலும் குமரிப் பகுதியிலும் வழங்கும் 'சங்காடம்' என்ற சொல்லோடு அதைப் பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு.

குமரிக் கடலில் மீன்பிடிக்கக் கட்டுமரமும், அமைதியான நீரில் வள்ளமும் பயன்பட்டதற்குக் காரணம் எளியது. அலை மோதும்போது வள்ளத்துக்குள் தண்ணீர் புகுந்து தங்கிவிடும். கட்டுமரத்தில் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆகவே வள்ளம் காயலுக்கும் ஆற்றுக்கும் உரியது. வள்ளம் குடைய விரும்பிய மரங்களுள் ஆஞ்சிலி முக்கியமானது. குமரி மாவட்டத்தார் அதை அயினி என்பார்கள். பெரிய வள்ளங்களைப் பலகைகளால் ஆக்கினார்கள். பலகைகளை இரும்பு ஆணியால் அறையாமல், கயிற்றால் தைத்துச் சேர்த்தார்கள். அதுதான் கெட்டுவள்ளம்.

பத்து நாள் நீர்வழி

வள்ளத்தில் போய் இரவில் கரையில் தங்கும் பயணம் ஐரோப்பியர் நமக்குக் கற்றுத் தந்ததன்று. மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா 1340-களின் தொடக்கத்தில் கள்ளிக்கோட்டையிலிருந்து கொல்லத்துக்குச் சென்றார். அந்த வழி பத்து நாள் பயணம் என்று அவர் எழுதியிருக்கிறார். பகலில் படகு, மாலையில் கரையேறி ஊர்களில் தங்குதல், காலையில் மீண்டும் படகு. அவர் தம் கம்பளத்தைச் சுமக்க ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார். அந்த ஆளோ ஒவ்வொரு மாலையும் கரையேறிக் குடித்துவிட்டு வந்து அவரோடு சண்டை போட்டானாம். பயணத்துக்குத் துணையைத் தேர்ந்தெடுப்பது படகைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கடினம் என்பது அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்திதான்.

கேரளக் கடற்கரையில் இது இயன்றதற்கு இயற்கையே காரணம். கொல்லம் முதல் கொச்சிக்கு அப்பால் வரை கடலுக்கு இணையாகக் காயல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. இடையிலுள்ள சிறு நிலத் துண்டுகளை வெட்டிவிட்டால் போதும், வழி தொடர்ந்துவிடும். திருவிதாங்கூரில் 1820-களில், ராணி கௌரி பார்வதி பாயி காலத்தில், திருவனந்தபுரத்தையும் கடினங்குளம் காயலையும் இணைக்கும் பார்வதி புத்தனாறு வெட்டப்பட்டது. ஆனால் வழியில் வர்க்கலையில் ஒரு செம்மண் பாறைக் குன்று குறுக்கே நின்றது. பயணிகள் குன்றின் ஒருபுறம் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் நடந்து மறுபுறம் சென்று, வேறு வள்ளம் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு குன்றையே குடைந்தார்கள். 924 அடி நீளத்தில் ஒன்றும் 2,364 அடி நீளத்தில் ஒன்றுமாக இரண்டு சுரங்க வழிகள்! 1880-இல் அந்த வேலை முடிந்தது. அதன்பின் திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே போகும் வள்ளம் நிலத்தைத் தொட வேண்டியதில்லை. வெயிலுக்கு அஞ்சி இரவில் பயணம் செய்வதே அன்று வழக்கம். மூங்கிலும் ஓலையும் கொண்டு வளைத்த கூரையின் கீழ் பயணி உறங்குவார். வள்ளக்காரர்கள் கழுக்கோல் ஊன்றிக்கொண்டே போவார்கள்.

வடக்கே இப்படி. தெற்கே?

தெற்கு நோக்கி ஒரு கால்வாய்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீர்வழி அமைக்கும் திட்டம் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் உருவாயிற்று. 1860-இல் வேலை தொடங்கியது. திவானாக இருந்தவர் தஞ்சை மராட்டியக் குடும்பத்தில் பிறந்த டி. மாதவராவ். கால்வாய்க்கு இட்ட பெயர் நீளமானது: அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். திருவனந்தபுரத்துத் தெய்வத்துக்கு ஒரு பங்கு, இங்கிலாந்துப் பேரரசிக்கு ஒரு பங்கு, மன்னருக்கு ஒரு பங்கு. மக்கள் அதைச் சுருக்கி ஏ.வி.எம். கால்வாய் என்கிறார்கள். சினிமா ஸ்டூடியோவுக்கும் இதற்கும் உறவில்லை. அது 1945-இல் தோன்றியது.

திட்டம் தொடங்கிய அதே ஆண்டில் மன்னர் காலமானார். ஆயில்யம் திருநாள் பட்டத்துக்கு வந்தார். பூவாற்றிலிருந்து தேங்காய்ப்பட்டினம், குளச்சல் வழியாக மண்டைக்காட்டுப் பக்கம் வரை கால்வாய்ப் பகுதிகள் வெட்டப்பட்டன. அதற்கு அப்பால் கன்னியாகுமரியை அது எட்டவே இல்லை.

ஏன் எட்டவில்லை? அரசு மாறியதும் பணமும் காரணங்களாக இருந்திருக்கலாம். ஆனால் நிலமே ஒரு விடையைச் சொல்கிறது. வடக்கே காயல் தானாகக் கிடந்தது, மனிதன் இணைத்தான். தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கி வருகிறது. மலையிலிருந்து கடலுக்குள்ள தூரம் குறைவு, சரிவு அதிகம். நெய்யாறு, குழித்துறைத் தாமிரபரணி, வள்ளியாறு, பழையாறு ஆகியவை குறுக்கே பாய்ந்து கடலில் விழுகின்றன. முகத்துவாரத்தில் மட்டும் சிறு காயல் உண்டு. இடையே மணலும், முட்டம் போன்ற பாறை முனைகளும். ஆகவே கால்வாய் முழுவதையும் மனிதனே வெட்ட வேண்டும். வெட்டியதைக் காக்கவும் வேண்டும்.

காப்பதுதான் பெரும்பாடு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாக வந்து தாக்குகின்றன. சாய்வாக ஏறும் அலை மணலைத் தள்ளிக்கொண்டு வருகிறது. திரும்பும்போது நேராக இறங்குகிறது. இதனால் மணல் கரையோரமாகவே நகர்ந்து போய்க்கொண்டிருக்கும். ஆற்றில் நீர் வேகம் குறைந்தவுடன் இந்த மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். குமரி மக்கள் அதைப் பொழி என்பார்கள். பொழி அடைபட்டால் உள்ளே நீர் தேங்கும். வெள்ளம் வந்தால் பொழியை வெட்டிவிட வேண்டும். கடலோரத்திலேயே வெட்டிய கால்வாய்க்கு இந்த மணலோடு ஓயாத போராட்டம். மணலில் வெட்டிய கரை சரியும். காற்று வேறு மணலை வாரிக் கொண்டுவந்து போடும்.

அந்த மணலைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார். அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். தோரியம் அடங்கிய அந்தக் கனிமத்துக்கு அன்று கியாஸ் விளக்கு வலை செய்ய நல்ல தேவை இருந்தது. மணவாளக்குறிச்சி மணல் உலகச் சந்தைக்குப் போனது இதன் பிறகுதான். கால்வாய் நின்றுபோன மண்டைக்காடு, மணவாளக்குறிச்சிக்கு அடுத்த ஊர். 1860-இல் கூலியாட்கள் கூடை கூடையாக வாரிக் கொட்டிய கடற்கரை மணலை அன்று யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கால்வாய் கிடந்த நிலையில் சாலை முந்திக்கொண்டது. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரம்-கன்னியாகுமரி வழியில் பேருந்து ஓட்டியது. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. கால்வாயின் ஒரு முனை கேரளத்திலும் மறுமுனை தமிழகத்திலும் ஆயிற்று. 1979-இல் ரயிலும் வந்துவிட்டது. வள்ளத்தில் சரக்கு அனுப்ப யாருக்கும் தேவை இல்லாமற் போயிற்று. கால்வாயில் ஆகாயத்தாமரை படர்ந்தது. சில இடங்களில் கரை ஆக்கிரமிப்புக்கு இரையாயிற்று.

எவ்வளவு ஏற்றலாம்?

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். படகை நிரப்புமுன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஆர்க்கிமிடீஸ் விதி உங்களுக்குத் தெரியும்: மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ. ஆகவே விலக்கப்பட்ட லிட்டர்களை எண்ணினால் எடை தெரிந்துவிடும்.

உல்லாசத்துக்காகத் தனியாளாகப் படகு விடுவதை ஐரோப்பாவில் பரப்பியவர் ஜான் மக்ரிகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1865-இல் 'ராப் ராய்' என்ற சிறு படகில் ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் பயணம் செய்து, அடுத்த ஆண்டு அதை நூலாக எழுதினார். படகின் அளவுகளை அவர் ஒளிக்கவில்லை: நீளம் 15 அடி, அகலம் 28 அங்குலம், எடை 80 பவுண்டு, தண்ணீரில் அமிழும் ஆழம் 3 அங்குலம். இதை நம் அளவைகளில் மாற்றினால் 4.57 மீட்டர், 71 சென்டிமீட்டர், 36 கிலோ, 7.6 சென்டிமீட்டர். இப்படகு ஒரு பெட்டியாக இருந்தால் 7.6 சென்டிமீட்டர் அமிழும்போது ஏறத்தாழ 247 லிட்டர் நீரை விலக்கும். ஆனால் படகு பெட்டி அன்று. இருமுனையும் கூர்ந்தும் அடி வளைந்தும் இருக்கும். அவருடைய எடையை 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் படகு, ஆள், மூட்டை எல்லாம் சேர்ந்து 110 கிலோ. அதாவது பெட்டிக் கணக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவு. சிறு படகுகளுக்கு இந்தப் 'பாதிக்குச் சற்றுக் குறைவு' என்பது நல்ல நடைமுறை விதி.

இப்போது நீங்களே செய்து பாருங்கள். 5 மீட்டர் நீளமும் 80 சென்டிமீட்டர் அகலமும் உள்ள வள்ளம். வள்ளம் 80 கிலோ, இரண்டு ஆட்கள் 120 கிலோ, சாமான் 50 கிலோ, மொத்தம் 250. ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் பெட்டிக் கணக்கில் 40 லிட்டர். அதில் பாதிக்குக் குறைவாக 18 என்று கொள்வோம். 250-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை! முழங்கால் ஆழத் தண்ணீர் தாராளமாகப் போதும். உப்புநீரில் இன்னும் சற்றுக் குறைவாகவே அமிழும். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனமானது.

மக்ரிகர் மூன்று மாதப் பயணத்துக்கு எடுத்துச் சென்ற மூட்டையின் எடை 9 பவுண்டு. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் பெரும்பாலும் விடுதிகளில் தங்கினார். குடிக்க நல்ல ஆற்றுநீர் இருந்தது. நம் காயலில் சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு துளி கிடையாது. வெயிலில் துடுப்புப் போடும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது வேண்டும். இருவருக்கு இரண்டு நாளைக்கு 16 கிலோ, சமையல் நீர் தனி. உங்கள் மூட்டையில் கனமான பொருள் குடிதண்ணீர்தான்.

தோளில் ஏறும் படகு

கனடாவில் ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே நிலம் வந்தால் என்ன செய்தார்கள்? படகைத் தோளில் தூக்கினார்கள். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் மெல்லிய மரச்சட்டத்தின் மேல் பிர்ச் மரப்பட்டையைப் போர்த்திப் படகு செய்தார்கள். இலேசான படகு, கிழிந்தால் காட்டிலேயே பட்டையும் பிசினும் கிடைக்கும். மென்மயிர்த் தோல் வாணிகம் செய்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே பெரிதாக்கி 36 அடி நீளம் வரை கட்டினார்கள். படகோட்டி ஒவ்வொருவனும் 90 பவுண்டு மூட்டைகள் இரண்டை முதுகில் ஏற்றி, நெற்றியில் ஒரு தோல் பட்டையால் தாங்கிக்கொண்டு நடப்பான். அதாவது 80 கிலோவுக்கு மேல்! சுப்பீரியர் ஏரிக்கரையில் தொடங்கும் கிராண்ட் போர்ட்டேஜ் என்ற தூக்குவழி மட்டும் ஏறத்தாழ 13.7 கி.மீ. நீளம். வழியில் அரை மைலுக்கு ஒருமுறை போலச் சுமை இறக்கும் இடங்கள் இருந்தன. நம் சாலையோரங்களில் நின்ற சுமைதாங்கிக் கற்களை நினைத்துப் பாருங்கள். தேவை ஒன்றானால் கடல் கடந்தும் வழி ஒன்றாகவே பிறக்கிறது. நீரில் சென்ற தூரத்தை அவர்கள் புகைக்குழாய்க் கணக்கில் சொன்னார்கள்: 'அந்த ஏரி மூன்று குழாய் தூரம்' என்று. நாம் நாழிகை வழி என்று சொன்னதைப் போல.

அந்த வாணிகம் ஒழிந்த பிறகும் தூக்குவழிகள் அழியவில்லை. ஒன்டாரியோவில் 1893-இல் அல்கான்குவின் பூங்கா அமைந்தது. மூட்டை சுமந்தவர்களின் பாதையில் இன்று விடுமுறைப் பயணிகள் படகைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறார்கள். வழி பயன்பட்டுக்கொண்டே இருந்தால்தான் வழியாக இருக்கும். அங்கே பயன் மாறியதே தவிர நிற்கவில்லை.

எங்கே போகலாம்?

கொட்டாரத்திலிருந்து புறப்படும் உங்களுக்கு என்ன மிச்சம்? சுசீந்திரம், தேரூர்க் குளங்களை விட்டுவிடுங்கள். அவை பறவைகளுக்கு உரியவை. 2022-இல் சுசீந்திரம்-தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலமும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. குளிர்காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் இறங்கும்போது துடுப்பின் ஓசை அவற்றின் இரையையும் ஓய்வையும் கெடுக்கும். கரையில் நின்று பார்ப்பதே முறை.

பேச்சிப்பாறை நல்ல நீர்ப்பரப்பு. 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அணை. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். சுற்றிலும் காடு, யானை நடமாடும் காடு. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே இறங்கவோ இரவு தங்கவோ எண்ணக் கூடாது. மணக்குடிக் காயலில் அலையாத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது துடுப்புப் போடலாம். அதற்குமேல் நீளம் போதாது. பொழிமுகத்தை நெருங்க வேண்டாம். பொழி திறந்திருக்கும்போது வற்றுநீர் சிறு படகைக் கடலுக்கு இழுத்துவிடும். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அந்த முகத்துவாரத்தின் வழியே புகுந்து மணக்குடிப் பாலத்தையே பெயர்த்தெறிந்தது.

இனி எஞ்சுவது பழைய கால்வாய். 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டத்தில் ஏ.வி.எம். கால்வாய்க்கு 13-ஆம் எண் தந்திருக்கிறார்கள். பூவாற்றிலிருந்து இரவிபுத்தன்துறை வரை 11 கி.மீ. இருவர் நிதானமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு 4 கி.மீ. போகலாம், ஆக மூன்று மணி நேர வழி. புறப்படுமுன் ஒரு நாள் பேருந்தில் போய்க் கரையோரம் நடந்து பார்த்து, தண்ணீர் எங்கே திறந்திருக்கிறது, ஆகாயத்தாமரை எங்கே மூடியிருக்கிறது, பாலத்தின் அடியில் தலை தட்டாமல் போக முடியுமா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை.

இரவிபுத்தன்துறையிலிருந்து மணக்குடி நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 40 கி.மீ. கிராண்ட் போர்ட்டேஜைப்போல மூன்று மடங்கு. வள்ளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் கைவிட்டு, ஒரு வேனுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.